இரண்டு நாள், பதினைந்து நிமிடம்: செபுல்டுராவின் முதல் இசைத்தட்டு

முதலில் ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவில் வரும் பாட்டுகளை ஹெட்போன் இல்லாமல் கேட்காதீர்கள். நான் கேட்டேன். அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்து, "ஏன்டா, மிக்ஸியை யாராவது போட்டுட்டு மூடி வைக்காம போயிட்டாங்களா?" என்று கேட்டார். பாட்டு என்று சொன்னேன். நம்பவில்லை. இன்றுவரை நம்பவில்லை.

போன தடவை தேனீக்களைப் பற்றி எழுதியபோது, "அடுத்து ஏதாவது சரித்திரம் எழுது" என்று வகுப்பு நண்பர்கள் சிலர் கேட்டார்கள். சரித்திரம் என்றால் அவர்கள் நினைத்தது சோழர்களாக இருக்கும். எனக்கு மனதில் வந்தது 1985ம் வருடம், பிரேசில் நாடு, நாலு பையன்கள், ஒரு இசைத்தட்டு. மெட்டல் இசை பிடிக்காதவர்களும் இதைப் படிக்கலாம். பாட்டைக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. கதையைக் கேட்டால் போதும்.

முதலில் இது என்ன இசை?

ராக் இசையின் கனமான வடிவம் ஹெவி மெட்டல். அதை இன்னும் வேகமாக்கி, கிடாரை அறுப்பது போல வாசித்தால் அது த்ராஷ் மெட்டல். அமெரிக்காவில் மெட்டாலிகா, ஸ்லேயர் இரண்டு குழுக்களின் முதல் ஆல்பங்களும் 1983ல் வந்தன. அதற்கு ஒரு வருடம் முன்னால், 1982ல், இங்கிலாந்தின் நியூகாஸில் பக்கத்திலிருந்து வெனம் என்ற குழு "பிளாக் மெட்டல்" என்ற ஆல்பத்தை வெளியிட்டது. சாத்தான், நரகம், கல்லறை எல்லாம் அவர்களுடைய சரக்கு. வெனம்காரர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு நாடக வேஷம்தான். ஆனால் அந்த ஆல்பத்தின் பெயர் பிற்பாடு ஒரு முழு இசை வகைக்கே பெயராகிவிட்டது. ஸ்விட்சர்லாந்தில் ஹெல்ஹாமர், ஸ்வீடனில் பாத்தரி, ஜெர்மனியில் சோடம் என்று அடுத்த இரண்டு மூன்று வருடங்களில் அங்கங்கே இந்த வித்து முளைத்தது.

எண்பதுகளின் நடுவில் த்ராஷ், பிளாக், டெத் என்று தனித்தனி வேலி எதுவும் கிடையாது. எல்லாம் ஒரே குட்டைதான். வேகமாக, அழுக்காக, பயமுறுத்தும்படி வாசிக்க வேண்டும். அவ்வளவுதான் விதி. இன்று ரசிகர்கள் "பழைய பள்ளி" என்று ஏக்கத்தோடு சொல்வது இந்தக் காலத்தைத்தான்.

இந்த வித்து கடல் தாண்டி விழுந்த ஒரு இடம்தான் பெலோ ஹொரிசோன்டே.

மலைகளுக்கு நடுவே ஒரு ஊர்

பெலோ ஹொரிசோன்டே என்றால் போர்ச்சுகீசிய மொழியில் அழகிய தொடுவானம். மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தின் தலைநகரம். வரைபடத்தில் கோடு போட்டுத் திட்டமிட்டுக் கட்டி 1897ல் திறக்கப்பட்ட ஊர். மாநிலத்தின் பெயருக்கே "பொதுச் சுரங்கங்கள்" என்று அர்த்தம். 18ம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர்கள் இங்கிருந்து தங்கத்தைத் தோண்டிக் கப்பலேற்றினார்கள். தங்கம் போன பிறகு மிஞ்சியது இரும்புத் தாதும், தேவாலயங்களும்.

தேவாலயங்கள் என்றால் கொஞ்ச நஞ்சமல்ல. பக்கத்து ஊரான ஓரோ பிரேட்டோ முழுக்க தங்கக் காலத்துத் தேவாலயங்கள்தான். கொங்கோன்யாஸ் என்ற இன்னொரு ஊரில் பன்னிரண்டு தீர்க்கதரிசிகளின் மாக்கல் சிலைகள் படிக்கட்டில் வரிசையாக நிற்கின்றன. அலெய்ஜாடின்யோ என்ற சிற்பி, நோயால் கைகள் முடங்கிய நிலையில் செதுக்கியவை. யுனெஸ்கோ அந்த இடத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது 1985ல். நாம் பேசப்போகும் அதே வருடம். கத்தோலிக்க நாடான பிரேசிலிலும் மினாஸ் மாநிலம் கொஞ்சம் கூடுதலாகவே பழமையும் பக்தியும் உள்ளது என்று பெயர் வாங்கியது.

இந்த ஊரில் சான்டா தெரேசா என்று ஒரு பேட்டை. பிரேசில் இசை தெரிந்தவர்களுக்கு அது ஒரு புண்ணிய தலம். மில்டன் நாசிமென்டோ, லோ போர்ஜெஸ் ஆகியோரும் அவர்கள் நண்பர்களும் அங்கே ஒரு தெருமுனையில் கூடி, 1972ல் "தெருமுனை மன்றம்" என்று அர்த்தம் வரும் பெயரில் ஒரு அருமையான ஆல்பத்தைத் தந்தார்கள். பஞ்சு போல மென்மையான இசை. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து அதே பேட்டையிலிருந்துதான் உலகத்தின் மிகக் கொடூரமான சத்தங்களில் ஒன்றும் கிளம்பியது. தண்ணீர் ஒன்றுதான், குழாய்தான் வேறு போல!

இரண்டு சகோதரர்கள்

மேக்ஸ் கவலேரா பிறந்தது 1969 ஆகஸ்டில். தம்பி இகோர் 1970 செப்டம்பரில். அப்பா கிராசியானோ இத்தாலியர், இத்தாலியத் தூதரக அலுவலகத்தில் வேலை. வசதியான குடும்பம். 1979ல் அப்பா மாரடைப்பில் இறந்துபோனார். அப்போது அண்ணனுக்குப் பத்து வயதுதான் இருக்கும். அதோடு வசதியும் போய்விட்டது. அம்மா வானியா பிள்ளைகளை வைத்துக்கொண்டு கஷ்டப்பட்டார். அந்த இழப்பு தன்னை எப்படிப் புரட்டிப் போட்டது என்று மேக்ஸ் பிற்காலத்தில் பல பேட்டிகளில் பேசியிருக்கிறார்.

1984ல் சகோதரர்கள் குழு ஆரம்பித்தார்கள். பெயர் வைத்த கதை பிரபலமானது. மோட்டர்ஹெட் குழுவின் ஒரு பாட்டின் வரிகளை மேக்ஸ் அகராதி வைத்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். கல்லறை என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தன் மொழியில் "செபுல்டுரா" என்று எழுதினார். எழுதியதும் அதுவே பெயர் என்று முடிவாகிவிட்டது. கவனியுங்கள், குழுவின் பெயரே ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சியிலிருந்து பிறந்தது. இந்த அகராதி இன்னும் வரும்.

பாட வந்த முதல் ஆட்களில் ஒருவர் வாக்னர் லமூனியர். 1985 முதல் பாதியில் அவர் பிரிந்து போக, மேக்ஸே பாடவும் ஆரம்பித்தார். கூட கிடாருக்கு ஜெய்ரோ கெட்ஸ், பேஸ் கிடாருக்கு பாவ்லோ ஜூனியர், டிரம்ஸுக்கு இகோர்.

கையில் என்ன இருந்தது?

இங்கே கொஞ்சம் நாட்டு நடப்பைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இந்த இசைத்தட்டு புரியாது.

பிரேசிலில் 1964ல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 21 வருடம் விடவில்லை. 1984ல் மக்கள் லட்சக்கணக்கில் தெருவுக்கு வந்து நேரடித் தேர்தல் கேட்டார்கள். அந்த மசோதா ஏப்ரலில் நாடாளுமன்றத்தில் தோற்றது. கடைசியில் 1985 ஜனவரி 15ம் தேதி ஒரு தேர்வுக் குழு வாக்களித்து டான்கிரேடோ நெவிஸ் என்ற சிவிலியனை ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. அவரும் மினாஸ்காரர். ஆனால் பதவியேற்கும் முன்பே படுக்கையில் விழுந்து ஏப்ரல் 21ம் தேதி இறந்துபோனார். துணை ஜனாதிபதியாக வந்த ஜோஸே சார்னி ஆட்சியில் அமர்ந்தார். விலைவாசியோ, அந்த ஒரு வருடத்தில் மட்டும் 200 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. இன்று பத்து ரூபாய் டீ அடுத்த வருடம் முப்பது ரூபாய் என்றால் எப்படி இருக்கும்? அப்படி.

அதே ஜனவரியில், 11ம் தேதி முதல் 20ம் தேதி வரை, முதல் "ராக் இன் ரியோ" விழா நடந்தது. குயீன், அயர்ன் மெய்டன், ஏசி டிசி, ஸ்கார்ப்பியன்ஸ், ஆஸி ஆஸ்பர்ன் எல்லோரும் வந்தார்கள். புதிய ஜனாதிபதியைத் தேர்ந்தெடுத்த அன்றும் விழா நடந்துகொண்டுதான் இருந்தது. தொலைக்காட்சிக்காரர்கள் இந்த ரசிகர்களுக்கு "மெட்டலெய்ரோ" என்று ஒரு பட்டப்பெயர் சூட்ட, நிஜ ரசிகர்களுக்கு அது பிடிக்கவே இல்லை. ஆனால் நாடு முழுக்க ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. இந்த இசைக்கும் இங்கே கூட்டம் இருக்கிறது.

கூட்டம் இருந்தது, கருவி இல்லை. வெளிநாட்டுப் பொருள்களுக்கு அன்று பிரேசிலில் பெரிய தடைச்சுவர். அது தளர்ந்தது 1990க்குப் பிறகுதான். நல்ல கிடார், நல்ல ஆம்ப்ளிஃபயர் எல்லாம் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குத்தான் கிடைக்கும். மற்றவர்களுக்கு உள்நாட்டுத் தயாரிப்பு, இரவல், ஒட்டுப்போட்டது. வெளிநாட்டு இசைத்தட்டு ஒன்று ஊருக்குள் வந்தால் அது கேசட்டிலிருந்து கேசட்டாகப் பிரதியாகிப் பிரதியாகி, கடைசிப் பையனிடம் வரும்போது பாதி இரைச்சலாகத்தான் இருக்கும்.

என் யூகம் ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் பையன்கள் வெனத்தையும் ஹெல்ஹாமரையும் இப்படி நாலாவது ஐந்தாவது பிரதியில் கேட்டு வளர்ந்தவர்கள். அந்த இரைச்சலும் பாட்டின் ஒரு பகுதிதான் என்று அவர்கள் காது பழகியிருக்க வேண்டும். அதனால்தான் அவர்களுடைய இசை மூலத்தைவிடவும் கரடுமுரடாக வந்தது என்று நினைக்கிறேன்.

காளான் கடை

ஊரில் "கொகுமெலோ" என்று ஒரு இசைத்தட்டுக் கடை இருந்தது. அர்த்தம் காளான். 1980ல் ஜோவோ எட்வர்டோ என்பவரும் அவர் மனைவியும் ஆரம்பித்தது. ஊரில் உள்ள நீளமுடிப் பையன்கள் எல்லாம் சாயங்காலம் கூடும் இடம். வாங்குவதற்கு அல்ல, பெரும்பாலும் பார்ப்பதற்கு. நம் ஊரில் புத்தகக் கடையில் நின்றுகொண்டே முழுப் பத்திரிகையும் படித்துவிட்டுப் போவோமே, அந்த மாதிரி.

1985ல் இந்தக் கடைக்காரர்களே இசைத்தட்டு வெளியிடவும் முடிவு செய்தார்கள். முதல் வெளியீடு ஒரு பங்குத் தட்டு. ஒரு பக்கம் ஒரு குழு, மறுபக்கம் இன்னொரு குழு. செலவு பாதி. ஒரு பக்கத்துக்கு ஓவர்டோஸ் என்ற குழு. ஊரில் அன்று பெயர் வாங்கியவர்கள் அவர்கள்தான், வாசிப்பிலும் கைதேர்ந்தவர்கள். தாய்மொழியான போர்ச்சுகீசியத்தில் பாடினார்கள். அவர்கள் பக்கத்தின் பெயர் "இருபதாம் நூற்றாண்டு". மறுபக்கம் செபுல்டுராவுக்கு. அதன் பெயர் "பெஸ்டியல் டிவாஸ்டேஷன்", அதாவது மிருகத்தனமான பேரழிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

1985 ஆகஸ்ட். ஊரிலேயே ஜே.ஜி. ஸ்டூடியோ. செபுல்டுராவுக்குக் கிடைத்தது இரண்டு நாள். மேக்ஸுக்கு அந்த மாதம்தான் 16 வயது நிறைந்தது. இகோருக்கு 14. அதாவது நம்மில் பலர் ஒன்பதாம் வகுப்பில் கோணமானியை எங்கே தொலைத்தோம் என்று தேடிக்கொண்டிருந்த வயது.

தட்டில் பெயர்களையும் மாற்றிப் போட்டுக்கொண்டார்கள். மேக்ஸ் "பொசெஸ்டு", அதாவது பேய் பிடித்தவன். ஜெய்ரோ "டார்மென்டர்", வதைப்பவன். இகோர் "ஸ்கல்கிரஷர்", மண்டையோட்டை நொறுக்குபவன். பாவ்லோ "டெஸ்ட்ரக்டர்", அழிப்பவன். வெனம் காட்டிய வழி. சிரிப்பு வருகிறதல்லவா? பதினாலு வயதில் நீங்கள் நோட்டுப் புத்தக அட்டையில் எழுதி வைத்த பெயரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பதினைந்து நிமிடம்

மொத்தம் ஐந்து தடங்கள். முதலில் "த கர்ஸ்", அதாவது சாபம். பாட்டல்ல, முக்கால் நிமிடத்துக்கும் குறைவான ஒரு பேய்க்குரல் பேச்சு. பிறகு தலைப்புப் பாட்டு, "ஆன்டிகிரைஸ்ட்", "நெக்ரோமேன்சர்", "வாரியர்ஸ் ஆஃப் டெத்". எல்லாம் சேர்த்துச் சுமார் பதினைந்து நிமிடம்.

கேட்டால் என்ன தெரியும்? கிடார் ஒரு பெரிய வண்டுக்கூட்டம் மாதிரி ரீங்கரிக்கிறது. குரல் ஒரு கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது. டிரம்ஸ் அடிக்கடி கிடாரைவிட முன்னால் ஓடிவிடுகிறது, பிறகு எங்கோ காத்திருந்து சேர்ந்துகொள்கிறது. இகோர் முழுமையான டிரம் செட் இல்லாமலே பழகியவர். அந்தப் பையன் தன் கை தாங்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தைப் பிடிக்கப் பார்க்கிறான். அவ்வப்போது தவறுகிறான். ஆனால் ஒரு தடவைகூட வேகத்தைக் குறைப்பதில்லை.

அடுத்த வருடம், 1986ல், இதே கொகுமெலோ வெளியிட்ட முழு ஆல்பம் "மோர்பிட் விஷன்ஸ்". அதில் கிடாரைச் சுருதி கூட்டவே மெனக்கெடவில்லை என்று மேக்ஸே ஒப்புக்கொண்டிருக்கிறார். கர்நாடக இசை படிக்கும் என் தோழியிடம் இதைச் சொன்னேன். காதைப் பொத்திக்கொண்டார். பாட்டைக் கேட்டு அல்ல, செய்தியைக் கேட்டே!

பாட்டு வரிகள் ஆங்கிலம். ஆனால் நாலு பேருக்கும் ஆங்கிலம் சரியாகத் தெரியாது. முதலில் போர்ச்சுகீசியத்தில் யோசித்து, அகராதியைப் பார்த்தும் தெரிந்தவர்களைக் கேட்டும் வார்த்தைக்கு வார்த்தை மாற்றிக் கோர்த்தார்கள். வெனம், ஹெல்ஹாமர் பாட்டுகளில் வரும் சொற்களைப் பொறுக்கியெடுத்துச் சேர்த்தார்கள். அதனால் இலக்கணம் அங்கங்கே நொண்டும். உச்சரிப்பு பிரேசில் உச்சரிப்பு.

ஏன் ஆங்கிலம்?

இந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. கையில் நன்றாகத் தெரிந்த மொழி ஒன்று இருக்கும்போது, தெரியாத மொழியில் ஏன் கத்த வேண்டும்?

ஒரு பதில் எளிது. அவர்கள் கேட்டு வளர்ந்த இசை அந்த மொழியில் இருந்தது. நம் ஊரில் சினிமாப் பாட்டுக் கேட்டு வளர்ந்தவன் பாட்டு எழுதினால் நிலா, தென்றல் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்துகொள்வது போல.

இரண்டாவது, கடிதம். அந்தக் காலத்தில் உலகம் முழுவதும் இந்த இசை ரசிகர்கள் தபாலில் கேசட் பரிமாறிக்கொண்டார்கள். கையால் ஒட்டி ஜெராக்ஸ் எடுத்த சிறுபத்திரிகைகள் நாடு விட்டு நாடு போயின. அந்தத் தபால் உலகத்தின் பொது மொழி ஆங்கிலம், அதுவும் பெரும்பாலும் ஓட்டை ஆங்கிலம். ஜெர்மன்காரனும் ஸ்வீடன்காரனும்கூட அப்படித்தான் எழுதினார்கள். ஆக அந்த உலகத்தில் தப்பான ஆங்கிலம் என்பது வெட்கப்பட வேண்டிய விஷயமே அல்ல. உள்ளே வருவதற்கான டிக்கெட்.

மூன்றாவதை நானாகத்தான் சொல்கிறேன். ராணுவ ஆட்சி போனாலும் தணிக்கை போகவில்லை. 1988ல் புதிய அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகுதான் அது சட்டப்படி ஒழிந்தது. 1986 தொடக்கத்தில் பிரெஞ்சு இயக்குநர் கொதார் எடுத்த, கன்னி மரியாளின் கதையை நவீன காலத்தில் வைத்துச் சொல்லும் திரைப்படத்தை, திருச்சபையின் எதிர்ப்பை அடுத்து சார்னி அரசு தடை செய்தது. அதற்கு இரண்டே மாதம் முன்னால், 1985 டிசம்பரில், "ஆன்டிகிரைஸ்ட்" என்ற பாட்டோடு நம் பையன்களின் தட்டு கடைக்கு வந்துவிட்டது. ஒரு சின்னக் கடையின் சின்ன வெளியீடு, யாருக்கும் புரியாத உறுமல், அதுவும் அந்நிய மொழியில். அந்த மொழி ஒரு முகமூடியாகவும் இருந்திருக்கலாம். அம்மாவும் பாதிரியாரும் ஆசிரியரும் புரிந்துகொள்ள முடியாத ஒரு மொழியில் அவர்கள் முன்னாலேயே நின்று கத்தலாம். பதினாறு வயதுக்கு இதைவிட என்ன சுகம் வேண்டும்?

எனக்கு இது ஏன் இவ்வளவு முக்கியமாகப் படுகிறது என்றால், நான் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் முதல் வருடம் ஒரு கருத்தரங்கில் எழுந்து நின்று, இரவு முழுக்க அகராதி பார்த்து எழுதிய கட்டுரையை வாசித்தேன். மூன்றாவது வரியில் சிரித்தார்கள். ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் நான் வகுப்பில் வாயைத் திறக்கவில்லை. நன்றாகக் கற்றுக்கொண்ட பிறகு பேசலாம் என்று வைத்துக்கொண்டேன். அந்த "பிறகு" வரவே இல்லை. கற்றுக்கொள்ள வேண்டுமானால் பேச வேண்டும், பேச வேண்டுமானால் தப்பு விட வேண்டும்.

இந்தப் பையன்கள் "பிறகு" என்று தள்ளிப் போடவில்லை. சுருதி சேராத கிடார், அரைகுறை ஆங்கிலம், இரவல் வேஷம். அப்படியே ஸ்டூடியோவுக்குள் போய்விட்டார்கள். எனக்கு அந்தத் தட்டில் கேட்பது இதுதான்.

பிறகு என்ன ஆனது?

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. 1987ல் ஜெய்ரோ விலகி ஆன்ட்ரியாஸ் கிஸ்ஸர் வந்தார். வாசிப்பு கூர்மையானது. மேக்ஸ் அமெரிக்காவுக்குக் கேசட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கம்பெனிகளைத் தேடினார். 1989ல் "பினீத் த ரிமெய்ன்ஸ்" சர்வதேச அளவில் வந்தது. 1993ல் "கேயாஸ் ஏ.டி.", 1996ல் ஷவாந்தே பழங்குடியினரோடு சேர்ந்து பதிந்த பாட்டோடு "ரூட்ஸ்". மற்றவர்களைப் போல ஒலிக்க ஆசைப்பட்டு ஆரம்பித்தவர்கள், பதினோரு வருடத்தில் தங்கள் நாட்டைப் போலவே ஒலிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1996 கடைசியில் மேக்ஸ் பிரிந்தார், 2006ல் இகோரும். குழு கிஸ்ஸர் தலைமையில் தொடர்ந்தது. 2024 மார்ச்சில் தன் விடைபெறும் சுற்றுப்பயணத்தைப் பெலோ ஹொரிசோன்டேயிலேயே தொடங்கியது.

ஓவர்டோஸ்? எனக்கு வருத்தம் தரும் பகுதி இதுதான். அவர்களும் பிற்பாடு ஆங்கிலத்துக்கு மாறி, தொண்ணூறுகளில் வெளிநாட்டில் ஆல்பம் வெளியிட்டார்கள். ஆனால் அங்கே பலர் அவர்களைச் செபுல்டுராவின் சாயல் என்றே பார்த்தார்கள். ஒரே தட்டின் இரண்டு பக்கம். மூத்தவர்களே நகல் என்று பெயர் வாங்க வேண்டியதாயிற்று. சரித்திரம் எப்போதும் நல்ல வாசிப்புக்கு மார்க் போடுவதில்லை.

விலகிப் போன வாக்னர் சர்கோஃபகோ என்ற குழுவில் சேர்ந்தார். 1987ல் கொகுமெலோ வெளியிட்ட அவர்களுடைய முதல் ஆல்பத்தின் பெயர் "ஐ.என்.ஆர்.ஐ.", சிலுவையின் மேலே எழுதியிருக்கும் அதே நான்கு எழுத்து. நார்வேயில் பிற்பாடு பிளாக் மெட்டல் அலையைக் கிளப்பியவர்கள் அந்த ஆல்பத்தையும் அதன் அட்டைப் படத்தையும் வேதம் மாதிரி வைத்துக்கொண்டார்கள். வாக்னர் என்ன ஆனார் தெரியுமா? அதே ஊரில் உள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்! "ஆன்டிகிரைஸ்ட்" பாட்டு அவர் எழுதியதுதான். அவர் போன பிறகும் பாட்டு மட்டும் இந்தக் குழுவிலேயே தங்கிவிட்டது. வகுப்பில் நம்மை மிரட்டும் பேராசிரியர்களைப் பற்றி இனி நான் எதையும் அவசரப்பட்டு முடிவு செய்யமாட்டேன்.

மறுபடியும் அதே பாட்டு

இதெல்லாம் இப்போது நினைவுக்கு வரக் காரணம் உண்டு. 2023 ஜூலையில் மேக்ஸும் இகோரும் "கவலேரா" என்ற பெயரில் "பெஸ்டியல் டிவாஸ்டேஷன்", "மோர்பிட் விஷன்ஸ்" இரண்டையும் முதலிலிருந்து மறுபடி பதிந்து வெளியிட்டார்கள். ஐம்பதைக் கடந்த இரண்டு பேர், பதினாலு பதினாறு வயதில் எழுதியதை மறுபடி வாசிக்கிறார்கள். இந்தத் தடவை கிடார் சுருதி சேர்ந்திருக்கிறது. இகோரின் கை எந்த இடத்திலும் தவறவில்லை. எல்லாம் துல்லியம்.

ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். "அந்தப் பாட்டுகளுக்கு இப்போதுதான் நியாயம் கிடைத்தது" என்று ஒரு கட்சி. "பழைய ஓவியத்தின் மேல் புது பெயின்ட் அடித்துவிட்டார்கள்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டையும் ஒரு ராத்திரி மாற்றி மாற்றிக் கேட்டேன் (ஹெட்போனோடுதான்).

புதியது நன்றாகத்தான் இருக்கிறது. பழையதில் மண்ணோடு கிடந்த பல விஷயங்கள் இதில் தெளிவாகக் கேட்கின்றன. பையன்கள் மோசமான பாட்டுகளை எழுதவில்லை, நல்ல பாட்டுகளை மோசமான வசதியில் பதிந்தார்கள் என்று புரிகிறது. அதைத் தெரிந்துகொள்ள இந்த மறுபதிப்பு உதவியது. தங்கள் பாட்டைத் தாங்களே திருத்திக்கொள்ள அவர்களுக்கு உரிமையும் உண்டு.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. புதியதில் இகோர் அந்த வேகத்தை எட்டிவிடுவார் என்று நமக்கு முதலிலேயே தெரியும். பழையதில் தெரியாது. ஒவ்வொரு பாட்டிலும் இந்தப் பையன் முடிவுவரை தாக்குப்பிடிப்பானா என்று ஒரு பதைப்பு. அந்தப் பதைப்பை எந்த ஸ்டூடியோவாலும் திரும்பச் செய்ய முடியாது. அதற்குப் பதினாலு வயது வேண்டும், இரண்டே நாள் வேண்டும், அடுத்த தட்டு வருமா என்று தெரியாத நிலை வேண்டும்.

சரித்திரம் படிக்கும் மாணவனாகச் சொல்கிறேன். பழைய தட்டு ஒரு ஆவணம். இறக்குமதித் தடை அந்தக் கிடார் ஒலியில் இருக்கிறது. இரைச்சல் ஏறிய கேசட் அந்தக் குரலில் இருக்கிறது. அகராதி ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. தப்புகளைத் துடைத்துவிட்டால் பாட்டு மிஞ்சும், 1985 மிஞ்சாது. கல்வெட்டில் எழுத்துப் பிழை இருந்தால் ஆய்வாளர்கள் அதைத் திருத்திச் செதுக்குவதில்லை அல்லவா? பிழையோடுதான் படியெடுப்பார்கள். செதுக்கியவன் எப்படிப் பேசினான் என்று அந்தப் பிழைதான் சொல்லும்.

இன்னொரு சின்ன விஷயம். 2023 மறுபதிப்பில் கூடுதலாக ஒரு புதுப் பாட்டையும் சேர்த்திருக்கிறார்கள். அதன் பெயர் "செஸ்டா ஃபெய்ரா 13". 13ம் தேதி வெள்ளிக்கிழமை. ஆங்கிலம் இல்லை, போர்ச்சுகீசியம். முப்பத்தெட்டு வருடம் கழித்து அந்தத் தட்டுக்குள் அவர்களுடைய சொந்த மொழி நுழைந்திருக்கிறது. இப்போது அவர்களுக்கு அகராதி தேவையில்லை.

போன வாரம் வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டேன். இரண்டு இடத்தில் இலக்கணம் நொண்டியது. ஒருத்தர் சிரித்தார். கேள்வியை முடித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

கேட்க விரும்புபவர்கள் முதலில் 1985 பதிவைக் கேளுங்கள், பிறகு 2023. மாற்றிக் கேட்டால் பழையதை ஒரு நிமிடம்கூடத் தாங்க மாட்டீர்கள். அடுத்த பதிவில் கொஞ்சம் சத்தம் குறைந்த ஒரு விஷயத்தோடு வருகிறேன். அம்மாவும் அதைத்தான் விரும்புகிறார்.